ஆர்.சி.யில் இல்லாத ஜீப்

அந்த வாகன ஆய்வாளர் என் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். கையில் என் ஆர்.சி. கார்டு, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. ஒவ்வொரு இடத்திலும் நின்று கார்டைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார், ஒரு விரலை மடக்குவார். முன்னால் நின்றபோது சுண்டுவிரல். கூரையை அண்ணாந்து பார்த்தபோது மோதிரவிரல். பக்கவாட்டில் வந்து டயரைப் பார்த்து நடுவிரல். குனிந்து அடியில் எட்டிப் பார்த்து ஆள்காட்டி விரல். பின்பக்கக் கதவைத் தட்டிப் பார்த்துக் கட்டைவிரல். என்னிடம் திரும்பி வந்தபோது கை முழு முஷ்டியாகியிருந்தது.

"ஒன்னுக்கு அஞ்சாயிரம் சார். கணக்கை நீங்களே போட்டுக்குங்க."

ஆழியார் போகும் ரோட்டில் ஒரு புளியமரத்தடி. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்சீட்டில் என் மகள், மடியில் சுண்டல் பொட்டலம். இருபத்தைந்தாயிரம் என்று நான் மனதுக்குள் போட்ட கணக்கை அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எனக்கு ஜீப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது போடியில். மாமா ஒரு கமாண்டர் ஜீப் ஓட்டினார். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்ப இறக்கிவிடுவதுதான் வேலை. அந்த வண்டியில் கம்பெனி கொடுத்தது எது, மாமா வைத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடுதல் பெஞ்சு, கூரையில் கேரியர், பின்னால் நின்று தொங்கிக்கொண்டு வர ஒரு இரும்புப் படி. ஊர் முழுக்க ஜீப்புகள் அப்படித்தான். ஆகவே ஜீப் என்றால் வாங்கிய பிறகுதான் அதைச் செய்ய ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தே வளர்ந்தவன் நான்.

பொள்ளாச்சியில் குடியேறி, 2014 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. என்ற டீசல் ஜீப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியபோது அது சுத்தமாக, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. முந்தைய ஓனர் ஒரு ரிட்டயர்டு ஆசிரியர். அவர் கை வைக்காத வண்டியில் நான் இரண்டு வருடத்தில் வைத்த கைகள் இவை. முன்னால் பைப் வளைத்துச் செய்த புல் பார். கூரை விளிம்பில் இரண்டடி நீள எல்.இ.டி. பட்டை. கம்பெனி டயரான 235/70 ஆர்16-ஐக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய 265/75 ஆர்16. முன்னால் வண்டியைத் தாங்கும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை முறுக்கி, பின்னால் கமான் பட்டையைச் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு இரண்டு அங்குல உயரம். கடைசியாக, துணிக் கூரையை எடுத்துவிட்டு ஒரு பட்டறையில் செய்த ஃபைபர் ஹார்டாப்.

ஐந்து விரல்.

அன்று அவர் இருபத்தைந்தாயிரம் போடவில்லை. புல் பாரையும் லைட்டையும் அங்கேயே கழற்றச் சொன்னார். இரண்டுக்கு மட்டும் அபராதச் சீட்டு எழுதினார். மீதியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுவந்து காட்டும்படி சொல்லி அனுப்பினார். ஸ்பேனர் என்னிடம் இருந்தது. தரையில் உட்கார்ந்து புல் பார் போல்ட்டைத் திருகிக்கொண்டே, எரிச்சலில் அவரிடம் ஒரு வாதத்தை எடுத்துவிட்டேன். புல் பார் மாட்டினால் ஏர்பேக் விரியாது, அதனால்தான் தடை என்று எங்கேயோ படித்திருந்தேன். இந்த மாடல் தாரில் ஏர்பேக்கே கிடையாதே, அப்புறம் என்ன என்றேன்.

"உங்களுக்கு ஏர்பேக் இல்லீங்க, சரி. நீங்க இடிக்கப்போற ஆளுக்கு மட்டும் இருக்குதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. புல் பார்களைக் கழற்றச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது 2017 டிசம்பரில். புதுக் கார்களில் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே செய்யப்படுகிறது. அந்த நசுங்கலில்தான் இடியின் வேகம் கரைய வேண்டும். ஏர்பேக்கின் சென்சாரும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தைச் சேசிஸோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் இடி நேராகச் சேசிஸுக்கும், அங்கிருந்து உள்ளே இருப்பவர்களுக்கும் போய்விடுகிறது. நடந்து போகிறவருக்கோ காலில் படவேண்டிய அடி, பைப்பின் உயரத்தைப் பொறுத்து, இடுப்பிலோ வயிற்றிலோ விழுகிறது. மகள் உயரத்துக்கு அந்த மேல் பைப் எங்கே வரும் என்று அன்று ராத்திரி பார்த்தேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நானும் அபராதம் கட்டிய பிறகுதான் அதைப் படித்தேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியைத் தயாரித்தவர் முதலில் குறித்துக்கொடுத்த விவரங்களும் ஆர்.சி.யில் பதிவான விவரங்களும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும்படி எந்த ஓனரும் வண்டியை மாற்றக்கூடாது என்பதே அதன் சாரம். 2000-ல் வந்த திருத்தம்தான் இதை இவ்வளவு இறுக்கியது. 2019 திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆய்வாளர் விரலை மடக்கியது அதற்காகத்தான்.

அந்த 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்றும் உண்டு. கேரளத்திலிருந்து போன வழக்கு. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண். மாநில விதிகளில் வழி இருக்கிறது என்று சொல்லி வண்டியின் அமைப்பை மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த தீர்ப்பை அவர்கள் ஏற்கவில்லை. மாநில விதி மத்தியச் சட்டத்துக்குக் கீழே. தயாரிப்பாளரின் மூல அளவு, அமைப்பு மாறக்கூடாது என்று முடித்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஆர்.டி.ஓ.வைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அன்றோடு சரி.

தயாரிப்பாளர் மட்டும் எப்படி அந்த 'மூல அளவை' வாங்குகிறார்? ஒரு மாடலை விற்பதற்கு முன் அதன் மாதிரி வண்டியைச் சோதனை மையத்துக்கு அனுப்ப வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று சில மையங்கள் உண்டு. பிரேக், விளக்கு, கண்ணாடி, சத்தம், புகை எல்லாம் பார்த்து அங்கே சான்று தருவார்கள். அந்தச் சான்றுக்குள் வந்தது எதுவும் தெருவில் சட்டப்படி ஓடலாம்.

இங்கேதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஃபோர்ஸ் கூர்க்கா என்ற வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, முன்கண்ணாடிப் பக்கமாக யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு ஸ்நார்கல் மேலே ஏறும். அது கம்பெனியிலேயே மாட்டி வருகிறது, சட்டப்படி சரி. அதே குழாயை நான் தாரில் மாட்டினால் ஒரு விரல் மடங்கும். 2020-ல் வந்த புதிய தாரை ஹார்டாப்போடேயே விற்கிறார்கள், எல்லாத் தரைக்கும் ஏற்ற 255/65 ஆர்18 ஆல் டெரெய்ன் டயரோடேயே விற்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதை வாங்கிக்கொண்டு என் ஜீப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறான். நான் பட்டறை பட்டறையாக அலைந்து சேர்த்ததை அவன் ஷோரூமிலேயே வாங்கிவிட்டான், அதுவும் ஆர்.சி.யோடு.

ஆகவே நம் சட்டம் கேட்பது, "இது ஆபத்தா?" என்று அல்ல. "இது காகிதத்தில் இருக்கிறதா?" என்றுதான். இரண்டும் ஒரே கேள்வி அல்ல என்பதுதான் என் குறை. ஆனால் என் வண்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து பார்த்தபோது, முதல் கேள்விக்கும் நான் நல்ல பதில் வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது.

விளக்கை எடுத்துக்கொள்கிறேன். முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆம் விதி சொல்கிறது. விசேஷக் காரணம் இருந்து பதிவு அதிகாரி ஒப்புக்கொண்டால் ஒழிய முடியாது. கூரை எல்.இ.டி. பட்டையைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அதை வால்பாறை ரோட்டில் ஒருமுறை எரியவிட்டபோது, எதிரே வந்த பஸ் நின்றேவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங் தம்பி, வண்டில லைட்டு கட்டிருக்கீங்களா, லைட்டுல வண்டியக் கட்டிருக்கீங்களா?" என்றார். அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் கம்பெனி ஹெட்லைட்டில் என்ன தப்பு இருக்க முடியும்? அதை நான் தொடவே இல்லையே. டிம் போட்ட ஹெட்லைட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதியில் அளவு இருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வலதுபக்கம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவருக்குக் கூசக்கூடாது. படித்தவுடன் இதைச் செய்து பார்க்கலாம்போல் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு, தேங்காய் உலர்த்தும் களத்தில் ஜீப்பை நிறுத்தினேன். சிமென்ட் தரை, மட்டம் நன்றாக இருக்கும். டேப் பிடித்து 8 மீட்டர் அளந்து சாக்பீஸில் கோடு போட்டேன். ஒரு மூங்கில் கழியில் ஒன்றரை மீட்டருக்கு நூல் கட்டினேன். மகளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து டிம் போடச் சொன்னேன். நூல் உயரத்துக்குக் கண் வரக் கொஞ்சம் முட்டியை மடக்கி நின்றேன்.

களம், தென்னை, ஜீப் எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக இரண்டு குழி மட்டும் தெரிந்தது. "டிம் போடு பாப்பா" என்றேன். "டிம்லதான்ப்பா இருக்கு" என்றாள்.

முன்பக்கத்தை டார்ஷன் பாரில் தூக்கியதில் மூக்கு நிமிர்ந்துவிட்டது. மூக்கோடு விளக்கும் நிமிர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரி, எதிரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் மட்டை கட்டிக்கொண்டு வந்த அத்தனை பேர் கண்ணிலும் இதைத்தான் அடித்திருக்கிறேன். உயரம் ஏற்றிக்கொடுத்த பட்டறையில் விளக்கைத் திரும்ப அமைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. திருக வேண்டியது ஒரு ஸ்க்ரூ.

டயர் கதை இன்னும் சுலபம், ஏனென்றால் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. பெரிய டயர் ஐந்தாவது வாங்கக் காசில்லாமல் விட்டிருந்தேன். அதைக் கழற்றி மாட்டியிருந்த டயருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், நான்கு விரல் உயர வித்தியாசம். கணக்குப் போட்டால் பழையது 735 மில்லிமீட்டர் விட்டம், புதியது 804. ஒன்பது சதவீதத்துக்கு மேல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 87-ல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சக்கரம் பெரிதானால் அதே பிரேக் அதே அளவு அமுக்கத்தில் தரையில் பிடிக்கும் பிடியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். எஞ்சின் பிரேக்கும் அப்படித்தான். வால்பாறையிலிருந்து இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் காட்சி முனை. அங்கே நிறுத்தி ஆழியார் அணையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த இரண்டு வருடமும் அங்கே இறங்கியவுடன் பிரேக் லைனிங் தீய்ந்த வாசம் வரும். மலை இறங்கினால் எந்த வண்டிக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வளைவில் வரையாடுகள் நிற்கும், அதற்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட என் வண்டியின் பெயர்தான். செங்குத்துப் பாறையில் ஒரு ஆல்ட்ரேஷனும் இல்லாமல் ஏறிப்போகும்.

ஹார்டாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் பாடி வகை என்ற இடத்தில் எழுதியிருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறு வேறு, அவ்வளவுதான் குற்றம். ஆனால் அதன் பக்க ஜன்னல்களில் இருந்தது கண்ணாடியே அல்ல, கறுப்பு அக்ரிலிக். விதிப்படி அங்கே பாதுகாப்புக் கண்ணாடியோ அதற்கு ஈடாக அங்கீகரிக்கப்பட்ட பொருளோ இருக்க வேண்டும், பக்கவாட்டில் குறைந்தது 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். முன்னும் பின்னும் 70. கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது பேசப்பட்டது இந்த அளவுகள்தான். ஆய்வாளர் இதைக் கவனிக்கவில்லை. ஆறாவது விரல் இல்லாததால் தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் பிறகு கேட்டபோது அவர் சொன்னது, "ஒரு ஆக்சிடென்ட் ஆகி சர்வேயர் வந்து பார்த்திருந்தா, பாலிசியில இல்லாத சாமானையெல்லாம் காட்டி க்ளெய்மையே இழுத்தடிச்சிருப்பாருங்க." இத்தனைக்கும் வருடாவருடம் நான் முழு பிரீமியம் கட்டியிருக்கிறேன்.

வெளிநாட்டில் எப்படி என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் வடக்கு கரோலினாவில் ஒரு வினோத மோகம், பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பதித்து, நாய் உட்கார்ந்த மாதிரி ஓட்டுவது. 2021 டிசம்பரிலிருந்து அங்கே சட்டம், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரமாக இருக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சஸ்பென்ஷனில் 50 மில்லிமீட்டர், டயரில் 25, ஆக மொத்தம் 75 வரை தனிச் சான்று இல்லாமலே உயர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொறியாளரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். டேப் எடுத்து அளந்தால் தெரிந்துவிடும், சட்டத்துக்குள்ளா வெளியேயா என்று.

பொறாமையோடு என் வண்டியையும் அந்தக் கணக்கில் போட்டேன். சஸ்பென்ஷனில் 50, டயரில் 34. குயின்ஸ்லாந்திலும் என்னைப் பிடித்திருப்பார்கள்.

என்றாலும் இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான். இங்கே பெட்ரோல் வண்டியில் அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் வண்டியைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி, பதினான்கு நாளுக்குள் ஆர்.சி.யில் பதிவு, முடிந்தது வேலை. அதே மாதிரி ஒழுங்காகச் சோதித்த, வண்டியை உயர்த்தும் ஒரு லிஃப்ட் கிட்டை ஒரு பட்டறை மாட்டி, விளக்கைச் சரிசெய்து, பிரேக் ஆயில் போகும் ஹோஸின் நீளம் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதை எழுதிக்கொள்ள ஆர்.சி.யில் ஒரு வரி இருக்கக்கூடாதா? இல்லாததால் என்ன நடக்கிறது? எல்லோரும் மாட்டுகிறார்கள், எல்லோரும் ஒளிக்கிறார்கள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும் வாரத்தில் பழைய டயரை இரவல் வாங்கி மாட்டி, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போனதும் திரும்ப மாற்றுகிறார்கள். பட்டறைக்காரருக்குப் பொறுப்பு கிடையாது, ஏனென்றால் அவர் செய்ததாகவே எந்தக் காகிதமும் இல்லை. என் விளக்கு இரண்டு வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கோயம்புத்தூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். எல்லோருக்கும் அவர் பாய். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏத்துனது ஒரு நாளா தம்பி? இறக்க மூணு நாளாகும்" என்றார். நான்கு நாள் ஆனது. டார்ஷன் பார் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. முன் அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்சில் பூட் ஒன்று கோணல் தாங்காமல் கிழிந்து, கிரீஸெல்லாம் வெளியே வந்து, சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகப் பூசியிருந்தது. பிரேக் ஹோஸைத் தொட்டுக் காட்டினார். வீணைத் தந்தி மாதிரி இழுபட்டிருந்தது. "இதப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, புது ஹோஸ் வாங்கிவரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

புல் பார் உக்கடத்தில் இரும்பு விலைக்குப் போனது. பெரிய டயர்களை ஒரு டிராக்டர் டிரெய்லர்காரர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார். ஹார்டாப் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குக் கூரையாக இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலைக்கு அருமையான சாமான். டயர் இப்போது கம்பெனி அளவேதான், பட்டன் மட்டும் முரட்டு ரகம். சேற்றில் முன்பு ஏறிய இடங்களில் முக்கால்வாசி இப்போதும் ஏறுகிறது. மீதிக் கால்வாசிக்கு இறங்கி நடக்கிறேன். வண்டிக்குப் பதினைந்து வருடம் 2029-ல் முடியும். அப்போது எஃப்.சி.க்கு யாரிடமும் டயர் இரவல் கேட்க வேண்டியதில்லை.

துணிக் கூரைதான் பிரச்சினை. புதிதாகத் தைத்தும், முன்கண்ணாடி ஃபிரேமில் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. போன ஜூலையில் வால்பாறை மழையில் மாட்டிக்கொண்டோம். என் இடது முட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பின்சீட்டில் மகள் வண்டிக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், ரோட்டோரம் காக்கிச் சட்டை ஒன்று மழைக்கோட்டோடு நிற்பது தெரிந்தது.

"அப்பா," என்றாள், "குடை ஆர்.சி.யில இருக்கா?"